தாஜ்மஹாலுக்கு மேல் ஒரு தாவல்: விமானப் புத்தகங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

(இந்த இதழில் பதில் சொல்பவர், மீனம்பாக்கத்தில் 31 ஆண்டுகள் விமானப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

ப்ளஸ் டூ படிக்கிறேன். பைலட் ஆக ஆசை. பாடப் புத்தகமாக இல்லாமல், அந்த வேலை எப்படி இருக்கும் என்று காட்டுகிற புத்தகம் எது? (மாணவர், நாமக்கல்)

தம்பி, எர்னஸ்ட் கான் எழுதிய ‘ஃபேட் இஸ் தி ஹன்டர்’ புத்தகத்தில் ஆரம்பி. 1961-ல் வந்தது. கான் அமெரிக்காவில் பயணிகள் விமானம் ஓட்டியவர். இரண்டாம் உலகப் போரில் சரக்கு விமானங்களும் ஓட்டினார். புத்தகத்தைத் திறந்ததும் கதை இருக்காது. விபத்துகளில் செத்துப்போன சக விமானிகளின் பெயர்கள் பக்கம் பக்கமாக இருக்கும். அதைப் புரட்டித் தள்ளாமல் மெதுவாகப் படி.

அதில் ஆக்ரா சம்பவம் ஒன்று வரும். நல்ல வெயில். சி-87 என்ற சரக்கு விமானம். கான் நினைத்ததைவிட அதிகமாக எரிபொருள் நிரப்பிவிட்டார்கள். அது அவருக்குத் தெரியாது. ஓடுபாதை முடிகிற நேரத்தில் விமானம் எழும்புகிறது, ஆனால் ஏறமாட்டேன் என்கிறது. எதிரே தாஜ்மஹால்! கடைசி நொடியில் ஃபிளாப்பை, அதாவது தூக்குவிசையைக் கூட்ட இறக்கையின் பின்பக்கம் இருக்கும் மடிப்புப் பலகையை, முழுவதும் இறக்குகிறார். விமானம் ஒரு தாவு தாவி அதைத் தாண்டுகிறது.

சூடான காற்று லேசானது. அதனால் இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், எஞ்சினுக்கும் சக்தி குறையும். அதே நாளில் எடையும் கூடினால் என்ன ஆகும் என்று வகுப்பில் வாத்தியார் போர்டில் எழுதிக் காட்டினார். எனக்கு உறைத்தது இந்தப் பக்கங்களைப் படித்தபோதுதான். 1979-ல் மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த பிரதியாக வாங்கினேன். அதற்குப் பிறகு சித்திரை வெயிலில் எரிபொருள் தாளில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் மீட்டரை இரண்டு தடவை பார்ப்பேன். இரண்டாவது தடவை கானுக்காக.

அப்புறம் செந்த்-எக்சுபெரி. ‘குட்டி இளவரசன்’ எழுதியவர்தான். அவர் தபால் விமானம் ஓட்டிய அனுபவங்கள் ஆங்கிலத்தில் ‘விண்ட், சேண்ட் அண்ட் ஸ்டார்ஸ்’ என்று கிடைக்கும். 1935 கடைசியில் லிபியப் பாலைவனத்தில் விமானம் விழுந்து, அவரும் மெக்கானிக் ப்ரேவோவும் தண்ணீர் இல்லாமல் அலைகிறார்கள். உடைந்த விமானத்தில் கிடைத்த ஒரே ஒரு ஆரஞ்சைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்தப் பாதிப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மல்லாந்து படுத்திருக்கும் இடத்தை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை.

விமான கம்பெனிகள் ஏன் அடிக்கடி நொடித்துப் போகின்றன? இதைப் புரியவைக்கும் புத்தகம் உண்டா? (வங்கி ஊழியர், ஈரோடு)

தாமஸ் பெட்சிங்கரின் ‘ஹார்ட் லேண்டிங்’. 1978 வரை அமெரிக்காவில் எந்த ஊருக்குப் பறக்கலாம், எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதை அரசு வாரியம்தான் தீர்மானித்தது. அந்த ஆண்டு கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் வந்ததும், ஒருவர் விலையை மற்றவர் வெட்ட ஆரம்பித்தார்கள். விமானம் கிளம்பிவிட்டால் காலி சீட்டை விற்க முடியாது. காய்கறிக்காரர் சாயங்காலம் விலையைக் குறைக்கிற மாதிரிதான். ஆனால் விமானத்தின் கடன் தவணையும் எரிபொருள் செலவும் குறையாது.

1982-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ராபர்ட் கிராண்டலும், போட்டி விமான கம்பெனியான பிரானிஃபின் தலைவர் ஹோவர்ட் புட்னமும் போனில் பேசுகிறார்கள். உங்கள் கட்டணத்தை 20 சதவீதம் ஏற்றுங்கள், மறுநாள் காலை நானும் ஏற்றுகிறேன் என்கிறார் கிராண்டல். போட்டியாளர்கள் இப்படிப் பேசி வைத்து விலை ஏற்றுவது சட்டப்படி தப்பு. புட்னம் அதை டேப்பில் பதிவு செய்து அரசிடம் கொடுத்துவிட்டார். அதே ஆண்டு மே மாதம் பிரானிஃப் பறப்பதை நிறுத்தியது. அந்த ஒரு போன் பேச்சில் தொழிலின் நெருக்கடி முழுவதும் தெரியும்.

நம் நாட்டுக் கதைக்கு கேப்டன் கோபிநாத்தின் ‘சிம்ப்ளி ஃப்ளை’. தமிழில் ‘வானமே எல்லை’. ‘சூரரைப் போற்று’ பார்த்தவர்கள் கதை தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். ராணுவத்தை விட்டு வந்து ஹாசன் பக்கம் அவர் விவசாயம் பார்த்த அத்தியாயங்கள் அருமை. அவர் பின்னால் தொடங்கிய மலிவுக் கட்டண விமான கம்பெனி ஏர் டெக்கானுக்கு வேண்டிய பொறுமையும் முரட்டுத் துணிச்சலும் எங்கிருந்து வந்தன என்று அங்கேதான் தெரிகிறது.

நம்ம சென்னைக்கு முதலில் தபால் விமானம் வந்த கதை எதிலாவது இருக்கிறதா? (ஓய்வுபெற்ற தபால்காரர், மயிலாப்பூர்)

ஆர்.எம். லாலா எழுதிய ஜே.ஆர்.டி. டாடா வரலாறு, ‘பியாண்ட் தி லாஸ்ட் ப்ளூ மவுண்டன்’ படியுங்கள் ஐயா. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து தபாலோடு அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவுக்கு ஓட்டி வந்தார். அகமதாபாத்தில் எரிபொருள் வந்து சேர்ந்தது மாட்டு வண்டியில். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுவந்தவர் அவர் கூட்டாளி நெவில் வின்சென்ட்.

விமானம் குலுங்கினாலே உயிர் போய்விடுகிறது. பேரனைப் பார்க்க சிங்கப்பூர் போகவேண்டும். பயம் தெளிய ஏதாவது புத்தகம் சொல்லுங்கள். (வாசகி, பொள்ளாச்சி)

பேட்ரிக் ஸ்மித் என்ற விமானி எழுதிய ‘காக்பிட் கான்ஃபிடென்ஷியல்’ வாங்குங்கள் அம்மா. அதுவும் கேள்வி பதில்தான். குலுங்கல் பற்றிய பகுதியை வீட்டிலேயே ஒருமுறை படித்துவிடுங்கள். ஜன்னல் வழியாக இறக்கை வளைவதைப் பார்த்தால் பயப்படவேண்டாம், அது வளையத்தான் செய்திருக்கிறது. போயிங் 787-ன் இறக்கையைச் சோதனையில் ஏறக்குறைய 25 அடி மேலே வளைத்துப் பார்த்தார்கள், உடையவில்லை. இறக்கைக்கு நேராக சீட்டு கேளுங்கள், அங்கே ஆட்டம் கொஞ்சம் குறைவு. உட்கார்ந்திருக்கும்வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.