18 வருடமான சென்ட்ரல் ஏசியையும் ஃபர்னஸையும் மாற்ற வேண்டும், அதே 4 டன்னில் எந்த பிராண்ட் வாங்கலாம்?

உங்கள் வீட்டில் இருப்பது 4 டன் சென்ட்ரல் ஏசி, கூடவே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ், இரண்டுக்கும் 18 வயது. கம்ப்ரசர் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். ஃபர்னஸ் இன்னும் ஓடுகிறது. அதே அளவில் எந்த பிராண்ட் நல்லது, இல்லை ஹீட் பம்புக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

பிராண்டைக் கடைசியில் சொல்கிறேன். எனக்குக் கவலை தருவது அந்த "அதே 4 டன்" என்ற சொல்தான். எங்கள் வீட்டில் முதல் முறை மாற்றியபோது நாங்கள் சறுக்கியது அங்கேதான்.

அன்று வந்தவர் வெளி யூனிட்டில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தார், வீட்டின் பரப்பளவைக் கேட்டார். "பழையது மூன்றரை, 4 போட்டுவிடலாம், கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லதுதானே" என்றார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதோடு ஆறு கோடை வாழ்ந்தோம். ஏசி ஓடத் தொடங்கி ஏழெட்டு நிமிடத்தில் நின்றுவிடும். தெர்மோஸ்டாட்டில் 24 டிகிரி காட்டும், ஆனால் படுக்கை விரிப்பு பிசுபிசுக்கும், அலமாரிக்குள் பூசண வாடை அடிக்கும். "குளிரவும் குளிருது, புழுங்கவும் புழுங்குதே" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். நோய் என்னவென்று அவர் சரியாகச் சொல்லிவிட்டார், எங்களுக்குப் புரியத்தான் இத்தனை காலம் ஆனது.

ஏசிக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று காற்றின் சூட்டைக் குறைப்பது, இன்னொன்று காற்றில் உள்ள ஈரத்தை வடிப்பது. 1902-இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் ஏற்பாடே ஓர் அச்சகத்தின் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கத்தான். காகிதம் ஈரத்தில் விரிந்து சுருங்கியதால் அங்கே வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. ஈரத்தை எடுக்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் காயில், அதாவது குளிர்பதன வாயு ஓடும் குழாய்ச் சுருள், நன்றாகக் குளிர வேண்டும், அதன்மேல் நீர் கோத்துக்கொள்ள வேண்டும், அந்த நீர் வழிந்து வடிகாலுக்குப் போக வேண்டும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் சூட்டைச் சட்டென்று இறக்கிவிட்டு, நீர் வடிவதற்குள் நின்றுவிடுகிறது. அடிக்கடி நின்று ஓடுவதால் கம்ப்ரசருக்கும் ஆயுள் குறைகிறது.

அதனால் தகட்டைப் பார்த்து அளவு சொல்பவரிடம் வாங்காதீர்கள். இங்கே டன் என்பது எடை அல்ல, ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு), அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். உங்கள் வீட்டுக்கு அது எத்தனை வேண்டும் என்பது கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டிய விஷயம். ஜன்னல்கள் எந்தத் திசையில், எவ்வளவு அகலத்தில் இருக்கின்றன, கண்ணாடி ஒற்றையா இரட்டையா, கூரையில் இன்சுலேஷன் எத்தனை கனம், கதவிடுக்குகளில் எவ்வளவு காற்று கசிகிறது, உங்கள் ஊரின் கடும் வெயிலும் கடும் குளிரும் எத்தனை டிகிரி, இவை எல்லாம் அந்தக் கணக்கில் வரும். ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். இரண்டாம் முறை நாங்கள் கூப்பிட்டவர் டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வீடு முழுக்க அளந்தார். இடையில் நாங்கள் ஜன்னல்களை மாற்றியிருந்தோம், கூரைக்கு இன்சுலேஷனும் போட்டிருந்தோம். கணக்கில் வந்தது இரண்டரை டன். பயந்துகொண்டேதான் சம்மதித்தோம். அந்தக் கோடையில் ஏசி மணிக்கணக்கில் மெதுவாக ஓடியது, விரிப்பு காய்ந்து கிடந்தது.

ஃபர்னஸ் ஓடுவதால் நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வருடத்தின் மிகக் குளிரான இரவில், ஒரு மணி நேரத்தில் அது எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முப்பது நிமிடம்தான் எரிகிறது என்றால், உங்கள் தேவையைப் போல இரு மடங்கு பெரிய ஃபர்னஸ் அங்கே இருக்கிறது என்று பொருள். ஏசியையும் அதே கையோடுதான் போட்டிருப்பார்கள்.

அப்புறம், கம்ப்ரசர் போய்விட்டது என்பதை இன்னொருவரிடமும் உறுதி செய்துகொள்ளுங்கள். கெபாசிட்டர் கெட்டாலும் கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்றுவிடும், அது சின்ன செலவு. மீட்டர் வைத்து வைண்டிங்கை, அதாவது கம்ப்ரசர் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றை, பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது டக்ட், அதாவது காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் குழாய் வழி. இதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், ஏனென்றால் அது சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் மறைந்திருக்கிறது. ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி காற்று ஓட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. டக்ட் குறுகலாக இருந்தால் எவ்வளவு உயர்ந்த மாடல் வாங்கினாலும் அந்தக் காற்று ஓடாது. எங்கள் கடைசி அறை எப்போதும் சூடாக இருந்ததற்குக் காரணம் இயந்திரம் அல்ல. வீட்டுக் காற்று திரும்பிப் போகும் ரிட்டர்ன் வழி ஒன்றே ஒன்று, அதுவும் மிகச் சிறியது. மூடிய அறைக்குள் போன காற்று வெளியே வர வழியில்லாமல் இருந்தது. இரண்டாவது ரிட்டர்ன் ஒன்று வைத்ததும் அந்த அறை சரியாகிவிட்டது. கூரைக்கு மேல் டக்டில் கசிவு இருந்தால் இன்னும் மோசம். போகும் வழியில் கசிந்தால் குளிர்ந்த காற்று பரணுக்குப் போகும், திரும்பும் வழியில் கசிந்தால் பரணின் சூடும் தூசியும் உங்கள் அறைக்கு வரும்.

இதை அளக்க ஒரு கருவி போதும். டக்டில் இரண்டு சிறு துளை போட்டு ஸ்டாடிக் பிரஷர், அதாவது காற்றைத் தள்ள எவ்வளவு அழுத்தம் தேவைப்படுகிறது என்று பார்ப்பார்கள், சில நிமிட வேலை. பெரும்பாலான ஃபர்னஸ்கள் அரை அங்குல நீர் அழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. அதைவிட மிக அதிகமாக வந்தால் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். புது மாடல் புளோயர்கள் (காற்றைத் தள்ளும் விசிறிகள்) அந்தத் திணறலை மீறிக் காற்றைத் தள்ளப் பார்க்கும், அதனால் சத்தமும் மின் செலவும் ஏறும். கசிவை அடைக்கத் துணி டேப் வேண்டாம், சூட்டில் பசை காய்ந்து உரிந்துவிடும். பூசி அடைக்கும் மாஸ்டிக்தான் நிற்கும். கையில் இருக்கும் பணத்தில் உயர்ந்த மாடலா, நடுத்தர மாடலோடு டக்ட் வேலையா என்று வந்தால், தயங்காமல் இரண்டாவதைச் செய்யுங்கள்.

சரி, ஹீட் பம்ப். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளியே இருக்கும் வெப்பத்தை உள்ளே இடம் மாற்றுகிறது. அதனால் மிதமான குளிரில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் கிடைக்கும். குளிர் கூடக்கூட இந்த விகிதம் இறங்கும். கடுங்குளிருக்கென்றே செய்யப்பட்டவை மைனஸ் 25 டிகிரியிலும் ஓடுகின்றன, ஆனால் எல்லா மாடலும் அப்படி அல்ல. உங்கள் ஊரின் மிகக் குறைந்த வெப்பநிலையில் அது எத்தனை கிலோவாட் தருகிறது என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

மாறினால் செலவு குறையுமா என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மின்சாரத்துக்கும் கேஸுக்கும் ஒரு கிலோவாட் மணிக்கு நீங்கள் தரும் விலையைக் கண்டுபிடியுங்கள். இயற்கை வாயு ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. ஹீட் பம்பின் விகிதம் 3, ஃபர்னஸின் திறன் 90 சதவீதம் என்றால், மூன்றை 0.9-ஆல் வகுத்தால் 3.3. மின்சாரத்தின் விலை கேஸைப் போல 3.3 மடங்குக்குள் இருந்தால் ஹீட் பம்புக்குச் செலவு குறைவு, அதற்கு மேல் போனால் ஃபர்னஸுக்குக் குறைவு. இரண்டும் நெருக்கமாக வந்தால், மிதமான நாட்களில் ஹீட் பம்பும் கடுங்குளிரில் ஃபர்னஸும் ஓடும்படி சேர்த்தே வைக்கலாம். நாங்கள் செய்தது அதுதான்.

ஒன்றை முன்கூட்டியே வீட்டில் சொல்லி வையுங்கள். ஹீட் பம்பின் காற்று ஃபர்னஸைப் போலச் சுள்ளென்று வராது, இளஞ்சூடாக நெடுநேரம் வரும். முதல் வாரம் எல்லோரும் ரிப்பேர் என்று நினைப்பார்கள். இரவில் தெர்மோஸ்டாட்டை வெகுவாகக் குறைத்துவிட்டுக் காலையில் ஏற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். அப்படி ஏற்றினால் துணைக்கு வைத்திருக்கும் மின் ஹீட்டர் ஓடும், அது ஒன்றுக்கு ஒன்றுதான் தரும்.

18 வருட ஃபர்னஸை மட்டும் விட்டுவைக்கலாமா? நான் விட மாட்டேன். ஏசியின் காற்றையும் தள்ளுவது அதே புளோயர்தான். எரியும் புகையை வீட்டுக் காற்றிலிருந்து பிரித்து வைக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் வரும். மாற்றும்வரை, படுக்கையறைக்குப் பக்கத்தில் அந்த வாயுவைக் கண்டறியும் ஒரு அலாரம் கட்டாயம் வையுங்கள்.

குளிர்பதன வாயு விஷயமும் மாறிவிட்டது. ஓசோனைக் கெடுத்த ஆர்-22-ஐ 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கை வழியாக ஒதுக்கினார்கள். அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ, கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. 2016-இன் கிகாலி திருத்தம் அந்த வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. இப்போது வரும் ஆர்-32-க்கு அந்த எண் 675, ஆர்-454பி-க்கு 466. இவை லேசாகத் தீப்பற்றக்கூடியவை என்பதால் இவற்றில் பயிற்சி பெற்றவர்தான் பொருத்த வேண்டும். வெளி யூனிட்டை மட்டும் மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். வாயு வேறாக இருந்தால் உள் காயிலும் அதற்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும்.

கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் மாடல் ஈரத்தை நன்றாகவே எடுக்கும், பணம் இருந்தால் வாங்கலாம். ஆனால் "இன்வெர்ட்டர்தானே, பெரிதாக இருந்தாலும் தானே குறைத்துக்கொள்ளும்" என்பதை நம்பாதீர்கள். அதற்கும் ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு, அதற்குக் கீழே போகாது. அந்த எண்ணைக் கேளுங்கள்.

பிராண்ட் பற்றிக் கேட்டீர்கள். பெயர் வேறாக இருந்தாலும் பல பிராண்டுகள் ஒரே தொழிற்சாலையில் பிறக்கின்றன. உங்கள் பக்கத்தில் எதற்கு உதிரிபாகம் சீக்கிரம் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். பொருத்துபவரைத் தேர்ந்தெடுப்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். குழாயைப் பற்றவைக்கும்போது நைட்ரஜன் ஓடவிடுவீர்களா, குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும்போது வேக்குவம் 500 மைக்ரானுக்குக் (இங்கே அது அழுத்தத்தின் அலகு) கீழே போகும்வரை பொறுப்பீர்களா, வாயுவை எடை போட்டு ஏற்றுவீர்களா என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம், அந்தப் பதில்களைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

வெப்பக் கணக்கும் ஸ்டாடிக் பிரஷர் அளவும் கையில் கிடைத்ததும் இங்கே கருத்தில் போடுங்கள், எத்தனை டன் என்பதை அந்த எண்களை வைத்துச் சேர்ந்தே பார்க்கலாம்.