ஒரு மிருகக்காட்சிசாலையில் நன்றாக இருக்கும் விலங்கை ஏன் இன்னொன்றுக்கு அனுப்புகிறார்கள்?

பெரும்பாலும் சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். இதற்கெனப் பல இனங்களுக்கு வம்சாவளிப் பதிவேடு உண்டு. எந்தக் குட்டிக்கு யார் தாய், யார் தகப்பன், எங்கே பிறந்தது, எங்கே போனது என எல்லாம் அதில் இருக்கும். கிட்டத்தட்ட ஜாதக நோட்டுதான்! ஐரோப்பியக் காட்டெருமைக்கு 1932இலேயே இப்படி ஒன்று அச்சாகிவிட்டது.

பதிவேட்டைப் பார்க்கும் ஒருங்கிணைப்பாளர், அந்த இனத்தில் சொந்தபந்தம் குறைவாக உள்ள விலங்குக்கே முதலிடம் தருவார். பத்துக் குட்டி போட்ட புலியைவிட, ஒன்றுகூடப் போடாத, வெளியிலிருந்து வந்த புலிக்கு மதிப்பு அதிகம். அதன் மரபணு இன்னும் அடுத்த தலைமுறைக்குப் போகவில்லையே.

இன்றுள்ள பிரெஸ்வால்ஸ்கி குதிரைகள் எல்லாமே ஏறத்தாழ ஒரு டஜன் குதிரைகளின் வாரிசுகள். காட்டில் அற்றுப்போன அந்த இனம் 1990களில் மங்கோலியப் புல்வெளிக்குத் திரும்பியது என்றால், இந்தக் கணக்குதான் காரணம்.

பணம் பெரும்பாலும் கைமாறாது. விலங்கு இனப்பெருக்கத்துக்கு இரவலாகவோ, வேறொரு விலங்குக்கு மாற்றாகவோ போகும். பெட்டியில் ஏற்றுவதுதான் பெரும்பாடு. வாரக்கணக்கில் பெட்டிக்குள்ளேயே தீனி வைத்துப் பழக்குவார்கள், அது தானாக ஏறும்வரை. போய்ச் சேர்ந்ததும் சில வாரம் தனிமை. பிறகுதான் ஜோடியைப் பார்க்கவே விடுவார்கள், அதுவும் முதலில் கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து. இத்தனைக்குப் பிறகும் இரண்டுக்கும் பிடிக்காமல் போவதுண்டு.