கையெழுத்துப் போடலாமா, காக்கா?

காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்குச் சிறைத் தண்டனை கூடாது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ரசூலுல்லாஹ்வை ஒருவன் இழிவாகப் பேசினால் எனக்கு வயிறு எரிகிறது. உங்களுக்கு எரியவில்லையா? ஐரோப்பாவில் யூத இனப்படுகொலையை மறுத்தால் பல நாடுகளில் வழக்கு. நம் நபியைக் கேலி செய்தால் கருத்துச் சுதந்திரம். இது என்ன நியாயம்? நபியை இழிவுபடுத்துவோருக்குக் கடும் தண்டனை தரத் தனிச்சட்டம் வேண்டும் என்று எங்கள் தெரு இளைஞர்கள் மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் போடலாமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், காயல்பட்டினம்

தம்பிக்கு, வ அலைக்குமுஸ் ஸலாம்.

எரிகிறது. 2022 மே மாதம் மத்தியில் ஆளும் பாஜகவின் செய்தித் தொடர்பாளர் டிவி விவாதத்தில் நபியின் துணைவியார் ஆயிஷா நாயகியின் திருமணத்தை இழுத்துப் பேசியதைக் கேட்ட இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. இரட்டை அளவுகோல் என்கிறீர்களே, அதுவும் உண்மைதான். 2005இல் நபி (ஸல்) அவர்களைப் பற்றிய கேலிச்சித்திரங்களை வெளியிட்ட டென்மார்க் நாளிதழ், ஏசுவைப் பற்றிய சித்திரங்கள் 2003இல் வந்தபோது வாசகர்கள் ரசிக்கமாட்டார்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. இதையெல்லாம் கேள்வி கேட்கப் போனால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

மனுவில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த டிவி பேச்சை ஊரறியச் செய்தவர் பத்திரிகையாளர் முகமது ஜுபைர். அடுத்த மாதமே, ஜூன் 27 அன்று, அவரைத்தான் கைது செய்தார்கள். 2018இல் அவர் போட்ட ஒரு ட்வீட் இந்துக்களின் மனத்தைப் புண்படுத்திவிட்டதாம். அதில் இருந்தது பழைய இந்திப் படம் ஒன்றின் காட்சி. ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார். அவர்மீது போட்ட பிரிவுகளில் ஒன்று, மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ. அது எப்படி வந்தது தெரியுமா? லாகூரில் நபியை இழிவுபடுத்தி ஒரு நூல் வந்து, பதிப்பித்தவர் விடுதலையாகி, முஸ்லிம்கள் கொதித்துப்போய்ப் போராடியதால் 1927இல் வெள்ளைக்கார அரசு கொண்டுவந்தது. நம் பாட்டன்மார் கேட்டு வாங்கிய சட்டம், தம்பி! இப்போது அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆம் பிரிவாக இருக்கிறது.

தண்டனையைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதைப் பாகிஸ்தானில் பார்க்கலாம். ஜெனரல் ஜியாவின் ஆட்சி 1986இல் நபியை நிந்திப்போருக்கென்று 295சி பிரிவைச் சேர்த்து மரண தண்டனை வரை கொண்டுபோனது. வயலில் குடிதண்ணீர்க் குவளையை வைத்துத் தொடங்கிய சண்டை, ஆசியா பீபி என்ற கிறித்தவக் கூலிப்பெண்ணைத் தூக்குமேடை வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியது. 2009இல் கைதானவர் 2018இல்தான் விடுதலையானார். அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை அவருடைய மெய்க்காவலரே சுட்டுக் கொன்றார். மர்தானில் மஷால் கான் என்ற மாணவரைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே கும்பல் அடித்துக் கொன்றது. அவர் நபியை நிந்தித்ததற்கு ஆதாரமே இல்லை என்று விசாரணைக் குழு பிறகு சொன்னது. நிர்வாகத்தின் குறைகளை வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்த பையன் அவர். அது 2017 ஏப்ரலில். அதற்கு முந்தைய மாதம்தான் நம் கோவையில் நாத்திகரான ஃபாரூக்கை வெட்டிக் கொன்றார்கள். கைதானவர்கள் நம்மவர்கள். அந்த வாரம் நம் ஊர்களில் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

மார்க்கத்தில் இதற்குத் தண்டனை இல்லையா என்று கேட்பீர்கள். இமாம்களில் பலர் கடுமையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், மறைக்கவில்லை. ஆனால் முஸ்லிம் ஆட்சியில் வாழும் பிற மதத்தவர் நபியை ஏசினால் அதற்காக அவரைக் கொல்வதில்லை என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் நிலை. அவரிடம் ஏற்கெனவே உள்ள இணைவைப்பு, அதாவது இறைவனுக்கு இணையாகப் பிறரை வணங்குவது, இதைவிடப் பெரிய பாவம் என்பது காரணம். நாங்கள் ஷாஃபி மத்ஹபு, அதாவது வேறு சட்டப் பள்ளி என்பீர்கள், தெரியும். ஆனால் அந்தச் சட்டம் போட்ட பாகிஸ்தானில் பெரும்பாலோர் அபூ ஹனீஃபாவைப் பின்பற்றும் ஹனஃபிகள்தானே!

மக்கத்துக் கவிஞர்கள் வசை பாடியபோது, பதிலுக்குப் பாடும்படி நபி (ஸல்) அவர்கள் ஹஸ்ஸான் இப்னு ஸாபித்திடம் சொன்னார்கள். அவர் பாடுவதற்குப் பள்ளிவாசலிலேயே மிம்பர் என்னும் மேடை போட்டுக் கொடுத்தார்கள். உங்களுடையதோ நபிமீது திருப்புகழ் பாடிய காசிம் புலவரின் ஊர். ஆயிஷா நாயகியைப் பற்றி யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லும்படி, நல்ல தமிழில் ஒரு சின்னப் புத்தகம் எழுதச் சொல்லுங்கள் அந்த இளைஞர்களை. எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், பிழை திருத்தித் தருகிறேன்.