கண்ணாடிபோல் கிடக்குமா ஹீலியம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

2.17 கெல்வினுக்குக் கீழே திரவ ஹீலியம் குமிழியிடுவதை நிறுத்திவிடும் என்று உங்கள் கட்டுரையில் படித்தேன். இன்னும் குளிர்வித்துத் தனிச்சுழியை (0 கெல்வின், அதற்குக் கீழே குளிர்விக்கவே முடியாத எல்லை) நெருங்கினால் அதன் மேற்பரப்பு ஓர் அணுகூடப் பிசகாமல் கண்ணாடிபோல் ஆகிவிடுமா? ஹீலியத்தின் இலேசான வகையான ஹீலியம்-3-ஐக் கொஞ்சம் கலந்தால்?

வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

ஆகாது. சூடு தணிந்தால் எல்லாம் அடங்கும் என்ற கணக்கு ஹீலியத்திடம் செல்லாது. இலேசான அணு, ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதும் அற்பம். வெப்பம் முழுக்கப் போனபின்னும் எஞ்சும் குவாண்டம் அதிர்வுதான் அதை உறையவிடாமல் வைத்திருக்கிறது. மேற்பரப்பைக் கலைத்துப் போடுவதும் அதுவே. பரப்பு இழுவிசையோ நீருடையதில் ஏறக்குறைய 200-இல் ஒரு பங்கு.

இதை எக்ஸ் கதிரால் அளந்திருக்கிறார்கள். பரப்பை உரசுகிற மாதிரி சாய்வாகக் கதிரைப் பாய்ச்சி, கோணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் திரும்பி வரும் கதிர் குறையும். எல்லை மழுங்கியிருந்தால் இன்னும் வேகமாகக் குறையும். ஹீலியத்தில் அப்படித்தான் குறைகிறது. திரவத்தின் அடர்த்தி சட்டென்று அறுபடாமல், 1 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், அதாவது இரண்டு மூன்று அணுக்களின் இடைவெளியில், சரிந்து இறங்குகிறது.

வெறும் கண்ணுக்கு இதெல்லாம் பிடிபடாது. 1908 ஜூலை 10 அன்று நெதர்லாந்தின் லைடனில் இயற்பியலாளர் காமர்லிங் ஓன்னஸ் முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கியபோது, திரவம் சேர்ந்திருப்பதே முதலில் யாருக்கும் தெரியவில்லை. ஒளியை அவ்வளவு குறைவாகத்தான் அது வளைக்கும். பார்க்க வந்த சக பேராசிரியர் ஒருவர் சொல்லி, கீழிருந்து வெளிச்சம் காட்டிய பிறகே திரவத்தின் விளிம்பு கத்தி முனைபோலத் தெரிந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது எலக்ட்ரான் சங்கதி. ஹீலியத்தின் மேல் ஓர் எலக்ட்ரானை விட்டால் உள்ளே போகாது. திரவம் அதை மெல்ல இழுக்கும். நுழைய வந்தாலோ சுமார் 1 எலக்ட்ரான்-வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) தடை. ஆகவே சராசரியாக 11 நானோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும். அந்த உயரத்துக்கு 1 நானோமீட்டர் மழுங்கல் ஒரு பொருட்டே இல்லை. 1979-இல் கிரைம்ஸ், ஆடம்ஸ் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் அரை கெல்வினுக்கும் கீழே இந்த எலக்ட்ரான்கள் முக்கோண அடுக்காகப் படிகமாவதைக் காட்டினார்கள். எலக்ட்ரான் படிகத்தைப் பார்க்க இவ்வளவு அழுக்கற்ற தளம் வேறெங்கும் கிடைக்காது. திடப்பொருள் என்றால் ஏதாவது குறை இருந்தே தீரும்.

ஹீலியம்-3 கலந்தால் அது மேலே வந்து குவியும். இன்னும் இலேசானது என்பதால் அதன் அதிர்வுக்கு அதிக இடம் வேண்டும். அடர்த்தி குறைந்த விளிம்பில் அந்த இடம் இருக்கிறது. மிகக் குறைந்த வெப்பநிலையில் பரப்பு இழுவிசை எதிர்பாராமல் இறங்குவதற்கு 1966-இல் இயற்பியலாளர் ஆந்திரேயெவ் சொன்ன விளக்கம் இதுதான். மிகச் சிறிதளவு கலந்தாலே போதும், இறக்கம் தெரியும்.