எல்லைக்கு ஒரு பெட்டி, தெருமுனைக்கு ஒரு கூடை

கேள்வி: பெரம்பூரில் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறோம். எல்லோரும் சேர்ந்து 30,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். எல்லையில் இருக்கும் ராணுவ வீரர்கள் நூறு பேருக்கு ஆளுக்கொரு பை அனுப்ப ஆசை. இரண்டாம் மாடி அக்காவின் மகன் லடாக்கில் இருக்கிறார். மழைக்காலத்தில் ஓடி ஓடி வேலை செய்யும் தீயணைப்பு வீரர்கள், 108 ஊழியர்களுக்கும் ஏதாவது தரலாம் என்கிறார்கள். எதை வாங்குவது, எப்படி அனுப்புவது?

பதில்: முதலில் அந்த நூறை மறந்துவிடுங்கள், அம்மா. தபால் துறையிலிருந்து டெபுடேஷனில் ராணுவத் தபால் பிரிவுக்குப் போய், பல வருடம் தபால் பை பிரித்தவன் நான். 'எல்லையில் இருக்கும் வீரருக்கு' என்று மட்டும் எழுதிய பெட்டிக்குப் போய்ச் சேர இடம் கிடையாது. அனுப்பியவர் யார், உள்ளே என்ன என்று தெரியாத பெட்டியை எந்த முகாமும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். பார்க்கவும் வேண்டும்.

உங்களுக்குத்தான் மாடிவீட்டுப் பையன் இருக்கிறாரே. காலாட்படையில் ஒரு செக்‌ஷன் என்றால் பத்துப் பேர். அவர் எந்தப் பிரிவில் இருந்தாலும் அப்படி ஒரு சிறு கூட்டத்தோடுதான் தங்குவார், சாப்பிடுவார். வீட்டிலிருந்து ஒருவருக்கு வந்த பெட்டி அங்கே தனியாகத் தின்னப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே அவர் பெயருக்கு ஒரே பெட்டி, பத்துப் பேர் பங்கு போடுகிற மாதிரி. நூறு பைகளைவிட அது உருப்படியாகப் போய்ச் சேரும்.

என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். அம்மா மூலமாகக் கேட்டால் இன்னும் நல்லது, உங்களிடம் 'ஒன்றும் வேண்டாம் ஆன்ட்டி' என்றுதான் சொல்வார். முகவரியையும் அவரே சொல்லட்டும். ராணுவ முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. பதவி, பெயர், படை எண், யூனிட், அப்புறம் '56 ஏபிஓ' அல்லது '99 ஏபிஓ' (ஏபிஓ என்றால் ராணுவ அஞ்சலகம்), கடைசியில் 9-இல் தொடங்கும் ஆறு இலக்க பின்கோடு. 56 என்றால் பை டெல்லிக்குப் போய்ப் பிரியும், 99 என்றால் கொல்கத்தாவுக்கு. எந்தப் படை எந்த ஊரில் இருக்கிறது என்று வெளியே தெரியக்கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடே. அன்பு மிகுதியில் பெட்டியின் மேல் 'லடாக்' என்று எழுதிவிடாதீர்கள். முகவரி தெரியும்படி பெட்டியைப் போட்டோ எடுத்துக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாம். முகவரியை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வழியில் பிரிப்பவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்காது.

தனியார் கூரியருக்குப் போகாதீர்கள். ஊரே இல்லாத முகவரிக்கு அவர்கள் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? அஞ்சலகத்தில் ஸ்பீட் போஸ்ட் போதும். ராஜாஜி சாலை ஜிபிஓவுக்கோ அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்துக்கோ போனால் ஏபிஓ பார்சல் பார்த்துப் பழகிய ஆள் கவுன்டரில் இருப்பார். துணை ராணுவப் படைக்காரர் என்றால் பெரும்பாலும் முகாமின் சொந்த முகவரி இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, உள்ளே என்ன வைப்பது?

லே நகரம் சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேலே போகப் போக இன்னும் குறையும். ஆகவே 'வேகவைத்துச் சாப்பிடு' ரகம் எதுவும் வேண்டாம். உப்புமா மிக்ஸ் அனுப்பினால் அரைவேக்காட்டில் தின்று உங்களை நினைத்துக்கொள்வார்கள். சோறும் பருப்பும் லங்கரில், அதாவது படையின் சமையற்கூடத்தில், உண்டு. அவர்களுக்கு இல்லாதது அந்தச் சோற்றுக்கு மேல் போட நம் ஊர் ருசி. பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி மூன்றும் தலா அரைக் கிலோ. எண்ணெய் இல்லாத காய்ந்த உப்பு நார்த்தங்காய். சுக்குமல்லிக் காப்பிப் பொடி. இவை எதுவும் ஒழுகாது, உடையாது, பல வாரம் கெடாது.

எண்ணெய் ஊறுகாய் மட்டும் கூடவே கூடாது. தொக்கு பாட்டில் ஒன்று ஒருமுறை பைக்குள்ளேயே உடைந்தது. அந்தப் பையிலிருந்த நாற்பது, ஐம்பது கடிதங்களும் நல்லெண்ணெயில் ஊறிவிட்டன. யாரோ ஒருவரின் மனைவி எழுதியதை வெயிலில் உலர்த்திக் கொடுத்தோம். மை கலைந்து பாதிதான் மிச்சம். அன்றிலிருந்து பெட்டியில் எண்ணெய் வாசனை அடித்தாலே எனக்குக் கை கூசும்.

பட்சணத்தில் என் ஓட்டு பொருள்விளங்கா உருண்டைக்கு. வறுத்த மாவு, வெல்லப்பாகு, சுக்கு சேர்த்துப் பிடிப்பது. கல் மாதிரி இருக்கும், வழியில் எத்தனை முறை தூக்கிப் போட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. வழிப்பயணத்துக்கென்றே நம் பாட்டிகள் கண்டுபிடித்த சமாசாரம் என்றுதான் நான் நினைக்கிறேன். கடலைமிட்டாயும் நல்லது. முறுக்கு, தட்டை அனுப்பலாம், ஆனால் புது எண்ணெயில் சுட்டதாக இருக்கட்டும். பழைய எண்ணெய் என்றால் போய்ச் சேரும்போது சிக்கு வாடை வீசும். மயிலாப்பூர், தி.நகர்ப் பலகாரக் கடைகளில் அமெரிக்கா போகிறவர்களுக்குக் காற்றை உறிஞ்சி பேக் செய்து கொடுப்பார்களே, அதையே கேட்டு வாங்குங்கள். மேலே காற்றழுத்தம் குறைவு. காற்றடைத்த சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பும், சில வெடித்தும் விடும்.

கம்பளி, ஸ்வெட்டர் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். அந்தக் குளிருக்கு வேண்டிய உடுப்பைப் படையே கொடுக்கிறது. நம் ஊர்க் கடையில் ஸ்வெட்டர் என்று விற்பது அங்கே பனியனுக்குச் சமம். வேண்டியது உதட்டுக்கும் குதிகாலுக்கும் வாஸ்லின். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும், அங்கே அது வெறும் மெழுகு. ஒரு சீட்டுக்கட்டு, நாலைந்து தமிழ் வார இதழ்கள். தொலைபேசி ரீசார்ஜ் செய்து தருகிறேன் என்று யாராவது கிளம்பினால், வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது என்று சொல்லிவிடுங்கள்.

பெட்டி விமானத்தில் ஏறக்கூடும். அதனால் பவர் பேங்க், லைட்டர், தீப்பெட்டி, சென்ட் எதுவும் கூடாது. இவற்றைப் பெரும்பாலோர் தெரிந்தே வைப்பதில்லை. தெரியாமல் மாட்டிக்கொள்வது கோயில் பிரசாதப் பையில்தான். விபூதி, குங்குமத்தோடு இரண்டு கட்டி கற்பூரமும் கிடக்கும். அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள். கொப்பரைத் தேங்காயும் அப்படித்தான், தானாகவே சூடேறக்கூடியது என்று விமானச் சரக்கு விதிகளில் ஆபத்தான பொருளாக வைத்திருக்கிறார்கள். விபூதிப் பொட்டலத்தை மட்டும் பெட்டிக்குள் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. மாத்திரை, மருந்து வேண்டாம். பீடி, சிகரெட் கேட்டாலும் வேண்டாம்.

குழந்தைகள் கடிதம் எழுதட்டும், அதுதான் சுவரில் ஒட்டப்படும். 'எத்தனை பேரைச் சுட்டீங்க அங்கிள்' என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். தங்கள் பள்ளிக்கூடம், நாய்க்குட்டி, மழை விடுமுறை பற்றி எழுதினால் போதும். முழுப்பெயர், வீட்டு முகவரி, போன் எண் வேண்டாம்.

தடித்த அட்டைப்பெட்டி வாங்கி, அதன் மேல் காடாத்துணி சுற்றித் தைத்துவிடுங்கள். பழைய முறைதான். குளிரில் டேப்பின் பசை விட்டுப்போகும், தையல் விடாது. இடைவெளியை அடைக்கத் தெர்மாகோல் வேண்டாம், பழைய தமிழ் நாளிதழைக் கசக்கி வையுங்கள். கசங்கிய தாளை முழங்காலில் வைத்து நீவி, பாதி கிழிந்த சினிமா விளம்பரம் வரை படிக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

தீபாவளிக்குச் சேர வேண்டும் என்றால் புரட்டாசி பிறந்ததும் அனுப்பிவிடுங்கள். பொங்கலுக்கு என்றால் கார்த்திகை முடிவதற்குள். ஸ்ரீநகரிலிருந்து லடாக் போகும் சாலையில் இருக்கும் சோஜிலா கணவாய் பனியில் மூடிவிட்டால் விமானம்தான் கதி, அதுவும் வானிலை விட்டால்தான். இந்தப் பெட்டிக்கு ஐயாயிரம் ரூபாய் தாராளம்.

மீதிப் பணத்தை உள்ளூரிலேயே செலவழியுங்கள். இங்கே கணக்கு வேறு. எல்லைக்குப் போகும் பெட்டி கெடாமல் இருக்க வேண்டும். இங்கே உள்ளவர்களுக்கோ உட்கார நேரம் இருக்காது, கை சுத்தமாக இருக்காது.

108 வண்டியில் இரண்டு பேர், மருத்துவ உதவியாளரும் பைலட்டும். ஓட்டுநரை அவர்கள் பைலட் என்றுதான் சொல்வார்கள். ஒரு நோயாளியை இறக்கிவிட்டு அடுத்த அழைப்புக்கு நடுவில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார முடியாது. மசாலா வாசனை அடுத்து ஏறுகிறவருக்கும் ஆகாது. வாழைப்பழம் கொடுங்கள். தோலைப் பிடித்துக்கொண்டே தின்றுவிடலாம். தனித்தனியாகச் சுற்றிய கடலைமிட்டாய், தண்ணீர் பாட்டில், ஓஆர்எஸ் பாக்கெட். ஓஆர்எஸ்ஸை மருந்துக்கடையில், உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அந்த ஃபார்முலாவில் இல்லாத இனிப்புப் பானங்கள் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட்டது.

தீயணைப்பு நிலையத்துக்கு மழைக்கு முன்பே, வேலை இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், நிலைய அலுவலரிடம் பேசுங்கள். ஆள் ஆளுக்குக் கையில் திணிப்பதைவிட நிலையத்துக்கு என்று மொத்தமாகக் கொடுப்பதுதான் அரசு ஊழியர்களுக்குச் சங்கடம் இல்லாதது. நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பவர்களுக்கு முதலில் வருவது சேற்றுப்புண். ஆகவே ஆளுக்கு இரண்டு ஜோடி பருத்திக் காலுறை, ஒரு வாஸ்லின், ஓர் ஈரிழைத் துண்டு. தேங்காய்ப்பூ டவல் பார்க்கத்தான் அழகு, மழையில் மூன்று நாளானாலும் காயாது. பூட்ஸ் வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு பொருந்தாது. மின்வாரிய ஆட்களுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண ரப்பர் கையுறை கொடுப்பது உதவி இல்லை, ஆபத்து. மின்சாரம் தாங்கும் என்று சோதித்த கையுறை வேறு, அது துறை கொடுக்க வேண்டியது. பழைய துணியும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் தெருமுனையில் மூட்டை மூட்டையாகச் சேற்றில் கிடந்தது. கடைசியில் அதை அள்ளியதும் தூய்மைப் பணியாளர்கள்தான்.

சமைத்த சாப்பாடு கொடுத்தே தீர வேண்டும் என்றால் புளிச்சோறு. தேங்காய்ச் சட்னி பக்கம் போகாதீர்கள். செய்த நேரத்தைப் பொட்டலத்தின் மேல் எழுதுங்கள்.

இதற்கெல்லாம் மேலே, காசே செலவாகாத ஒன்று உங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது. தரைத்தளத்தில் வாட்ச்மேனுக்கென்று ஒரு கழிப்பறை இருக்குமே, அதைக் கழுவிச் சுத்தமாக வைத்து, விளக்குப் போட்டு, உள்பக்கத் தாழ்ப்பாளைச் சரிசெய்யுங்கள். மழை வேலைக்கு வரும் பெண் போலீசுக்கும் தூய்மைப் பணியாளர் அக்காக்களுக்கும் பெரிய அவதி அதுதான். கழிப்பறை கிடைக்காது என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். அப்படி இருப்பவருக்கு நீங்கள் தண்ணீர் பாட்டில் நீட்டி என்ன பயன்? உள்ளே ஒரு டப்பாவில் நாப்கின், பக்கத்தில் அதைச் சுற்றிப் போடப் பழைய பேப்பர். வெளியே இரண்டு நாற்காலி, போன் சார்ஜ் போட ஒரு பிளக். 'தெருவில் வேலை செய்பவர்கள் கேட்காமலே பயன்படுத்தலாம்' என்று கேட்டிலேயே எழுதி மாட்டிவிடுங்கள்.

நூறு வீரருக்கும் செய்தே ஆக வேண்டும் என்று சங்கத்தில் யாராவது பிடிவாதம் பிடித்தால், மிஞ்சும் பணத்தைக் கொடிநாள் நிதிக்குக் கட்டச் சொல்லுங்கள். 1949-லிருந்து டிசம்பர் 7 கொடிநாள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ரசீதோடு வாங்கிக்கொள்வார்கள். ரசீதை மட்டும் வாட்ஸ்அப் குழுவில் போடலாம்.