கட்சி சொல்வதற்கு மாறாகச் சொந்தக் கருத்து வைத்திருப்பதால் நீங்கள் இழந்தது என்ன?

பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதத்தான் முதலில் வந்தேன். வேலை போகவில்லை, யாரும் வீட்டில் கல் எறியவில்லை. ஆனால் 2019 டிசம்பரில் என் அத்தை என்னோடு பேச்சை நிறுத்தினார். எட்டு மாதம். அது எனக்குச் சின்ன விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கும்பகோணத்துப் பக்கம். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கே போனாலும் கட்சிக் கரை வேட்டிதான். என் கல்யாணத்தன்று மட்டும் விதிவிலக்கு. சம்பந்தி எதிர்க் கரை. மண்டப வாசலில் இரண்டு கரையும் முட்டிக்கொள்ள வேண்டாம் என்று பெரியவர்கள் பேசி முடித்து, இரண்டு அப்பாக்களும் ஜரிகை வேட்டியில் வந்தார்கள். இன்றைக்கும் அந்த ஆல்பத்தைப் புரட்டினால் அப்பா சொல்வது ஒன்றுதான்: "யாரோ மாதிரி நிக்கிறேன் பாரு."

தேர்தல் வந்தால் வாசலில் சின்னத்தைக் கோலமாகப் போடுவது சின்ன வயதில் என் வேலை. அதைப் பெருமையாகத்தான் செய்தேன். வேலைக்கு வந்து, சொந்தச் சம்பளத்தில் பேப்பர் வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொரு விஷயத்தையும் தனித்தனியாக யோசிக்கிற பழக்கம் வந்தது. இருமொழி போதும் என்பதில் அப்பா கட்சிதான் நான். 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்தபோது, ‘ஓசி’ என்று நக்கல் அடித்த ஆபீஸ்காரர்களோடு மல்லுக்கு நின்றேன். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா, அதில் மிச்சம் பிடித்த காசில் மகளை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்ததைப் பார்த்தவள் நான். அதே நான், அரசாங்கமே சாராயக்கடை நடத்துவது கேவலம் என்றும் சொல்வேன். சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்தது 2003-ல். அதன்பிறகு ஆட்சி மாறிற்று, திரும்பவும் மாறிற்று, கடை ஷட்டர் மட்டும் இறங்கவில்லை. அதனால் இந்த விஷயத்தில் இரண்டு பெரிய கட்சிக்காரர்களுக்குமே என் பேச்சு கசக்கும்.

இணையத்தில் இதற்கெல்லாம் பட்டம் உண்டு. பஸ்ஸுக்குப் பேசியதற்கு ‘இருநூறு ரூபாய் ஊபி’, அதாவது காசுக்கு எழுதும் திமுக உடன்பிறப்பு. டாஸ்மாக்குக்கு ‘சங்கி’. இரண்டையும் ஒரே வாரத்தில் எழுதியதற்கு ‘நடுநிலை நக்கி’. கடைசியாகச் சொன்னதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன என்கிற ரகம் இல்லை நான். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கண்டிப்பாக நிற்கிறேன். அடுத்த விஷயத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்களே கூட வருவதில்லை, அவ்வளவுதான்.

ஒருமுறை அப்பாவை அவர் வழியிலேயே மடக்கப் பார்த்தேன். 1947 ஆகஸ்ட் 15 துக்க நாள் என்றார் பெரியார். இல்லை, இன்ப நாள் என்று பகிரங்கமாக மறுத்து எழுதினார் அண்ணா. அப்போது அவர் திராவிடர் கழகத்துக்குள்தான் இருந்தார். தனிக்கட்சி கண்டது 1949 செப்டம்பரில். "தலைவரையே மறுத்துட்டு ரெண்டு வருஷம் அதே கட்சியில இருந்திருக்காருல்லப்பா" என்றேன். அப்பா பேப்பரை நான்காக மடித்து ஸ்டூலில் வைத்தார்.

"அவரு அண்ணா. நீ யாரு?"

இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

ராஜாஜி பெயரை எங்கள் வீட்டில் எடுக்கவே முடியாது. எடுத்தால் ‘குலக்கல்வி’ என்பதுதான் முதலில் வரும். 1953-ல் அவர் கொண்டுவந்த அந்தத் திட்டம் அநியாயம் என்பதில் எனக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. பள்ளி பாதி நேரம், மீதி நேரம் அப்பன் தொழில் என்றால் கண்டக்டர் மகள் என்ன ஆகியிருப்பாள்? ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருக்கிறது. 1942-ல் பாகிஸ்தான் கோரிக்கையைப் பேசித் தீர்க்க வேண்டும் என்று சொல்லி காங்கிரஸை விட்டே வெளியேறினார். நாடே ‘வெள்ளையனே வெளியேறு’ என்றபோது அவர் அதில் சேரவில்லை. 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், 1965-ல் இந்தி மட்டும் ஆட்சிமொழி ஆவதை எதிர்த்து நின்றார். 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியவர், 1971-ல் அது ஒத்திவைக்கப்பட்டபோது தொண்ணூறைத் தாண்டிய வயதில் முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். யாருடைய கைதட்டலுக்கும் காத்திருக்காத ஆள். அவ்வளவு சுயபுத்தி உள்ளவர்தான் குலக்கல்வியையும் கொண்டுவந்தார்.

எனக்கு நானே இதை நினைவுபடுத்திக்கொள்வது உண்டு. ஏனென்றால் வெறும் வீம்புக்கு நானும் பேசியிருக்கிறேன். 2017 ஜனவரியில் மெரினா முழுக்க ஜல்லிக்கட்டுக் கூட்டம் நின்றபோது, எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்களே என்கிற எரிச்சலிலேயே ஆபீஸில் எதிர்த்துப் பேசினேன். மாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

கட்சிக்குள் இருப்பவர்களின் கதை இதைவிடக் கஷ்டம். 1985-ல் 52-வது திருத்தமாக வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, சபையில் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக்காகச் சொல்லும் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, போடாமல் ஒதுங்கினாலோ பதவி போகும். 15 நாளுக்குள் கட்சி மன்னித்தால் பிழைக்கலாம். ஆட்களை விலைக்கு வாங்கி ஆட்சியைக் கவிழ்ப்பதைத் தடுக்கத்தான் வந்தது, தேவையும் இருந்தது. ஆனால் பெட்டி வாங்கியவனும் மனசாட்சிக்காக மாற்றிப் போட்டவனும் அதற்கு ஒன்றுதான். கொறடா தொடாத இடத்தில் கட்சி தொடும். 2008 ஜூலையில் அணுசக்தி ஒப்பந்தத்துக்காக மார்க்சிஸ்ட் கட்சி மத்திய அரசுக்கான ஆதரவை விலக்கிக்கொண்டபோது, சபாநாயகராக இருந்த சோம்நாத் சாட்டர்ஜி, நான் இப்போது எந்தக் கட்சியும் இல்லை என்று பதவி விலக மறுத்தார். 22-ம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பை நடத்தி முடித்தார். 23-ம் தேதி கட்சி அவரை நீக்கியது. பத்து முறை எம்.பி.யாக இருந்தவர். 2018-ல் இறந்தபோது உடல்மேல் செங்கொடி போர்த்த வீட்டார் சம்மதிக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அப்பாவின் வேட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் குடும்பத்துக் கொறடா அத்தை. அப்பாவின் அக்கா.

2019 நவம்பர் கடைசியில் ஹைதராபாத் பக்கம் ஷம்ஷாபாத்தில் ஒரு கால்நடை மருத்துவரை நான்கு பேர் சீரழித்துக் கொன்று எரித்தார்கள் என்று செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கும். டிசம்பர் 6 விடியற்காலையில் கைதான நான்கு பேரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. துப்பாக்கியைப் பிடுங்கினார்கள், திருப்பிச் சுட்டோம் என்றார்கள். ஜனங்கள் போலீஸ்மீது பூத்தூவினார்கள். அந்த வீடியோவை அத்தை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கைகூப்பும் பொம்மை வரிசையாகப் போட்டிருந்தார். அப்பா ‘சபாஷ்’ என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே என் மாமனாரின் ‘சூப்பர் சம்பந்தி’. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் அரசியலில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

நான் எழுதியது ஒரே வரி: "அந்த நாலு பேருதான் செஞ்சாங்கன்னு எந்தக் கோர்ட்டு சொல்லுச்சு?"

அத்தை போனிலேயே வந்துவிட்டார். "ஒரு பொம்பளையா இருந்துக்கிட்டு எப்படிடி உனக்கு இப்படி எழுத மனசு வருது? நீயும் ஒரு பொட்டப்புள்ளைய வச்சிருக்க." வைத்துவிட்டார். கட்சி, சின்னம், கரை எதுவும் சம்பந்தப்படாத விஷயம். சொல்லப்போனால் எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பக்கம் நின்ற விஷயம். அதனால்தான் ஒண்டிக்கொள்ள ஓர் எதிர்க்கட்சிகூட எனக்கு இல்லை.

அன்று ராத்திரி மகளுக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்தேன். அவளுக்கு அப்போது பதினொரு வயது. இரண்டு முறை பின்னல் கோணலாக வந்து அவிழ்த்தேன். அத்தை சொன்னது போலத்தான் எனக்கும் வயிற்றில் இருந்தது. இவளுக்கு ஒன்று என்றால் நானே அரிவாளைத் தூக்குவேன், அதில் சந்தேகமில்லை. என் கையில் அரிவாள் இருக்கக்கூடாது என்றுதானே கோர்ட்டு வைத்திருக்கிறார்கள் என்று மூன்றாவது முறை பின்னும்போது தோன்றியது. காலையில் அந்த வரியை அழித்துவிடலாமா என்று எடுத்தும் பார்த்தேன். அழிக்கவில்லை.

அடுத்த ஆகஸ்டில் எனக்குக் கொரோனா வந்தது. "கஷாயம் குடிச்சியாடி?" என்று அத்தை போன் செய்தார். முந்தைய சண்டையை இருவரும் எடுக்கவில்லை.

அந்த நான்கு பேர் சுடப்பட்டதை விசாரிக்க உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. துப்பாக்கியைப் பிடுங்கிய கதையை நம்ப முடியாது, சாகடிக்கும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள், பத்துப் போலீஸ்காரர்கள்மீது கொலை வழக்கு நடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். செத்தவர்களில் மூன்று பேர் சம்பவத்தின்போது பதினெட்டு நிரம்பாதவர்கள் என்றும் இருந்தது. செய்தியைக் குழுவில் போட்டேன். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. யாரும் பதில் போடவில்லை. மறுநாள் காலை யாரோ ஒரு முருகர் படம் அனுப்பினார்கள், குழு அதோடு நகர்ந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் அப்பா போன் செய்தார். மழை, மாமியாரின் முட்டிவலி, கேஸ் விலை எல்லாம் பேசினார். வைக்கப் போகும்போது, "ஏம்மா, அந்தப் பத்துப் போலீஸ்காரன் என்ன ஆனான்?" என்றார்.

"ஹைகோர்ட்டுக்கு அனுப்பியிருக்காங்கப்பா."

"ம்" என்றார். "அதுல மூணு பேரு சின்னப் பசங்களாமே."