பால் ரோப்சன் (அமெரிக்கக் கறுப்பினப் பாடகர், நடிகர்): கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சார், முன்னோடிக் கறுப்பின நடிகர் என்றால் சிட்னி பாய்ட்டியர்தானே? ரோப்சனை ஏன் முதலில் வைக்கிறீர்கள்?

பாய்ட்டியர் ஆஸ்கர் வாங்கியது 1964-ல். நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில், ஷூபர்ட் தியேட்டரில், ரோப்சன் ஷேக்ஸ்பியரின் கறுப்பு நாயகன் ஒத்தெல்லோவாக மேடையேறியது 1943 அக்டோபர் 19-ல். அதுவரை பிராட்வேயில் அந்த வேடம் முகத்தில் மை பூசிக்கொண்ட வெள்ளை நடிகர்களுக்குத்தான். ரோப்சனோ 1930-லேயே லண்டன் சவாய் தியேட்டரில், பெகி ஆஷ்கிராஃப்ட் மனைவி டெஸ்டிமோனாவாக வர, ஒத்தெல்லோவை நடித்துக் காட்டிவிட்டார். அது அமெரிக்கா வந்துசேர 13 ஆண்டு ஆயிற்று. கறுப்பின நடிகர் மேடையில் வெள்ளை மனைவியை அணைத்து முத்தமிடுவதுதான் தடை, வேறொன்றுமில்லை. நியூயார்க் தயாரிப்பாளர்கள் தயங்கியதால், இயக்குநர் மார்கரெட் வெப்ஸ்டர் 1942 கோடையில் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜிலும் பிரின்ஸ்டனிலும் போட்டுப் பார்த்தார். கூட்டம் கொண்டாடியது. பிராட்வேயில் 296 காட்சிகள் ஓடியது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இந்தக் கணக்கை அங்கே இன்னும் யாரும் தாண்டவில்லை. பிறகு வெளியூர்ப் பயணத்தில், நிறம் பார்த்து இருக்கை பிரிக்கும் அரங்கில் நடிக்கமாட்டேன் என்று நிபந்தனை வைத்தார்.

கேள்வி: 1924-ல் அவர் நடித்த நாடகத்துக்கு நியூயார்க் மேயர் தடை போட்டாராமே?

முழுத் தடை இல்லை. யூஜின் ஓ'நீலின் நாடகம் அது. வெள்ளை நடிகை மேரி பிளேர் ரோப்சனின் கையில் முத்தமிடும் காட்சி உண்டு என்று செய்தி பரவியதும் மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. நாடகத்தை நேரடியாக நிறுத்த வழியில்லாததால் மேயர் அலுவலகம் வேறொரு கதவைச் சாத்தியது: முதல் காட்சியில் நடிக்க வேண்டிய குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது. திரை விலகியதும் இயக்குநர் ஜேம்ஸ் லைட் அந்தக் காட்சியைக் கையில் வைத்து வாசித்துவிட்டு நாடகத்தைத் தொடங்கினார். எந்தக் கலவரமும் நடக்கவில்லை.

கேள்வி: அண்ணா, 'சாண்டர்ஸ் ஆஃப் த ரிவர்' பார்த்தேன். காலனி ஆட்சிக்குத் துதி பாடும் படம். இவரா இதில்?

இவரேதான். ஆப்பிரிக்கப் பண்பாட்டை மரியாதையாகக் காட்டுவார்கள் என்று நம்பிக் கையெழுத்திட்டார். எடிட்டிங்கிலும் பின்னால் சேர்த்த காட்சிகளிலும் படம் பிரிட்டிஷ் ஆட்சியின் புகழ்மாலையாகிவிட்டது. எடிட்டிங்கில் அவருக்கு ஒப்பந்தப்படி எந்த உரிமையும் இல்லை, கோளாறு அங்கேதான். அடுத்து 'சாங் ஆஃப் ஃப்ரீடம்' படத்துக்கு, இறுதி வடிவம் தன் ஒப்புதலோடுதான் வெளிவரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். 1942-ல் 'டேல்ஸ் ஆஃப் மன்ஹாட்டன்' கறுப்பினத்தவரைப் பழைய வார்ப்பிலேயே காட்டியபோது பகிரங்கமாகக் கண்டித்தார். அதோடு ஹாலிவுட்டுக்கு முழுக்கு. (உபரித் தகவல்: 'சாண்டர்ஸ்' படத்தில் துணை நடிகராகத் தலைகாட்டுபவர்களில் ஒருவர் ஜோமோ கென்யாட்டா, பின்னாளில் கென்யாவின் அதிபர்.)

கேள்வி: பாஸ்போர்ட்டைப் பறித்தால் ஒரு பாடகனின் தொழில் எப்படி முடங்கும்? உள்ளூரில் பாடலாமே?

உள்ளூரை முதலில் அடைத்தார்கள். 1949-ல் பாரிஸ் அமைதி மாநாட்டில் அவர் பேசியதைச் செய்தி நிறுவனம் அமெரிக்காவுக்கு எதிரான பேச்சாகத் திரித்து வெளியிட்டது. அந்த ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்து பீக்ஸ்கில் ஊரில் அவர் பாடவிருந்த நிகழ்ச்சியை வன்முறைக் கும்பல் நடக்கவிடவில்லை. செப்டம்பர் 4-ல் நடந்தபோது, திரும்பிப் போனவர்களின் கார், பஸ் கண்ணாடிகள் கல்லடியில் நொறுங்கின. அதன்பின் அரங்க உரிமையாளர்கள் கையை விரித்தார்கள். எலினார் ரூஸ்வெல்ட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் வரவிருந்ததையும் 1950-ல் ரத்து செய்தார்கள். மிச்சமிருந்தது வெளிநாட்டு வருமானம். அதே ஆண்டு வெளியுறவுத் துறை பாஸ்போர்ட்டையும் பறித்தது.

கனடாவுக்குப் பாஸ்போர்ட்டே தேவையில்லை. ஆனாலும் 1952 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்து பிளேன் எல்லையில் தடுத்தார்கள். வான்கூவரில் காத்திருந்த சுரங்கத் தொழிலாளர் சங்க மாநாட்டுக்கு டெலிபோனில் பாடினார். மே 18-ல் சங்கத்தார் எல்லையிலுள்ள பீஸ் ஆர்ச் பூங்காவில் ஒரு லாரியை நிறுத்தினார்கள். அதன் திறந்த தளத்தில், அமெரிக்க மண்ணை விட்டு இறங்காமல் நின்று பாடினார். எதிரே கனடாப் பக்கம் ஆயிரக்கணக்கில் கூட்டம்.

லண்டனுக்கு அப்படி முடியாது. அட்லாண்டிக்கைக் கடக்கும் தொலைபேசி அதுவரை ரேடியோ அலையில்தான் போனது. குரல் ஏறி இறங்கும், மங்கும். 1956-ல் கடலடிக் கேபிள் வந்தது. 1957 மே மாதம் நியூயார்க்கிலிருந்து அவர் பாட, லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் டவுன் ஹாலில் சுமார் ஆயிரம் பேர் ஒலிபெருக்கியில் கேட்டார்கள். அக்டோபரில் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் அதே வழி.

கேள்வி: வழக்குப் போட்டு ஜெயித்தாரா?

அவர் வழக்கில் இல்லை. கம்யூனிஸ்டா இல்லையா என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள், எழுதித் தர மறுத்தார், கீழ் நீதிமன்றங்கள் கைவிட்டன. ஓவியர் ராக்வெல் கென்ட் தொடுத்த வழக்கில் 1958 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், நம்பிக்கைகளைக் காரணம் காட்டிப் பாஸ்போர்ட்டை மறுக்கும் அதிகாரம் வெளியுறவுத் துறைக்கு இல்லை என்றது. அதில் இவருக்கும் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஸ்ட்ராட்ஃபோர்டில் மீண்டும் ஒத்தெல்லோ.

கேள்வி: ஸ்டாலினைப் புகழ்ந்ததை மட்டும் சொல்லமாட்டீர்களே?

சொல்கிறேன். 1949 ஜூனில் மாஸ்கோவில், ஸ்டாலின் ஆட்சி சிறைவைத்திருந்த யூதக் கவிஞர் இட்ஸிக் ஃபெஃபரைப் பார்க்கவேண்டும் என்றார். சிறையிலிருந்து அவரை ஹோட்டல் அறைக்கே கூட்டிவந்தார்கள். ஒட்டுக்கேட்கும் அறை என்பதால் ஃபெஃபர் சைகையால் நிலைமையை உணர்த்தினார் என்று ரோப்சனின் மகன் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பயணத்தில் மேடையில் ஃபெஃபரின் பெயரைச் சொல்லி, நாஜிகளை எதிர்த்த வார்சா கெட்டோ (யூதர்களை அடைத்துவைத்த பகுதி) போராளிகளை நினைத்து, யூதர்களின் யிட்டிஷ் மொழிப் பாடலைப் பாடினார். அந்த அரங்கில் அது துணிச்சல்தான். அமெரிக்கா திரும்பியதும் யூத ஒடுக்குமுறை எதையும் காணவில்லை என்றார். 1952 ஆகஸ்டில் ஃபெஃபர் சுட்டுக்கொல்லப்பட்டார். சொந்த நாட்டு எதிரிகளுக்கு ஆயுதம் தரக்கூடாது என்று நினைத்திருக்கலாம். அது விளக்கமாகும், நியாயமாகாது.

கேள்வி: பூபேன் ஹசாரிகாவுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு? எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

அசாமியப் பாடகர் ஹசாரிகா நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ரோப்சனைச் சந்தித்தார். ரோப்சன் பாடிய 'ஓல் மேன் ரிவர்' தந்த உந்துதலில்தான் ஆற்றைப் பார்த்துக் கேள்வி கேட்கும் தன் புகழ்பெற்ற அசாமியப் பாடலை எழுதினார். நீங்களும் 'ஓல் மேன் ரிவர்' பாட்டிலேயே தொடங்குங்கள். முதலில் 1936 திரைப்படப் பதிவு: வாழ அலுப்பு, சாகப் பயம் என்று புலம்பும் சுமைதூக்கி. அப்புறம் 1940-களுக்குப் பிந்தைய மேடைப் பதிவு ஒன்று: அந்த வரி, சாகும்வரை போராடிக்கொண்டே இருப்பேன் என்று மாறியிருக்கும். மெட்டு அதேதான், கடைசி வரிகளில் குரலின் அழுத்தத்தை மட்டும் ஒப்பிட்டுக் கேளுங்கள்.